விழுந்த மழை, நின்ற தண்ணீர்

ஆமத்தூர்
15.9.2024

அன்பு அக்காவுக்கு,

ஸ்வீட்டி எழுதுகிறேன். அம்மாவும் நானும் நல்லபடியாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. திண்டுக்கல் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? கன்னியர் மடத்தில் போன் தர மாட்டார்கள் என்று தெரிந்தும் அம்மா சாயங்காலமானால் போனை எடுத்துப் பார்க்கிறாள். நீ எழுதினால் நான்தான் அவளுக்கு வாசித்துக்காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் எழுந்து வாசி என்றால் வராத குரல் அம்மாவுக்கு முன்னால் மட்டும் வருகிறது.

உன்னிடம் ஒரு காரியம் கேட்க வேண்டும். இந்த வருடம் நம் பின்முற்றம் காயவே மாட்டேன் என்கிறது. ஆவணியில் பெய்த நாலைந்து மழைக்கே கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகும் கரிசல் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிறது. வெடிக்கான காகிதக் குழாய் சுருட்டிப் பசை காயவைக்க அந்த முற்றத்தை விட்டால் நமக்கு வேறு இடம் இல்லை. வீட்டுக்குள் பரப்பினால் பூஞ்சணம் பிடிக்கிறது. போன வாரம் ஏஜென்ட் பாண்டிச்செல்வம் அண்ணன் இரண்டு சாக்கு குழாயை அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

“குளாய் பூராம் நமுத்துப்போயிருக்குக்கா. இதுல வெடி செஞ்சா தும்முன மாதிரிதான் கேக்கும். தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்கப்பறமும் இப்படின்னா லோடு வேற வீட்டுக்குப் போயிரும், என்னையக் கோவிக்காதீக” என்றார்.

லோடு போனால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அப்பாவைப் பட்டாசுக் கம்பெனி மருந்து அறையிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்த அன்று, என் பிள்ளைகள் கம்பெனி வாசலை மிதிக்காது என்று அம்மா சொன்னாள். முற்றம் இருக்கிறவரைக்கும்தான் அந்தச் சொல் நிற்கும்.

அடுத்த வீட்டிலேயே தம்பி இருப்பது அம்மாவுக்கு எப்போதும் தெம்பு. இன்பராஜ் மாமாவிடம் கேட்டாள். புது சிமெண்ட் ரோடு போட்டதில் தெரு ஏறி நம் முற்றம் பள்ளமாகிவிட்டது, வேறொன்றும் இல்லை என்றார். அவருக்கு நின்று பேச நேரமில்லை. புதிதாகப் போட்ட தகர ஷெட்டில் அட்டைப்பெட்டி லோடு இறங்கிக்கொண்டே இருக்கிறது.

உன் வாழை நன்றாக இருக்கிறது. ஜூன் மாதம் உன்னை மடத்தில் விட்டுவிட்டு நாங்கள் திரும்பியபோது, உன் ஞாபகமாக என்று மாமா சுவரோரம் நட்டுவைத்திருந்த கன்று இப்போது என் தோள் உயரம். அம்மா காலையில் எழுந்ததும் அதனிடம்தான் போகிறாள். “பூரணி, முளிச்சிட்டியா?” என்று கேட்டு இலையைத் துடைத்துவிடுகிறாள். இந்த முற்றத்தில் செழிப்பாக இருப்பது அது ஒன்றுதான்.

நீ கணக்கு டீச்சராக இருந்தவள். ஒரு மழைக்கு நம் முற்றத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று எப்படிக் கணக்குப் போடுவது? தெரிந்தால் அதற்குத் தக்கபடி ஒரு உறிஞ்சு குழி வெட்டிவிடுவேன். ஒன்பதாவதோடு நின்றவளுக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
ஸ்வீட்டி


திண்டுக்கல்
29.9.2024

என் தங்கச்சிக்கும் அம்மாவுக்கும்,

ஆண்டவருடைய அமைதி நம் வீட்டில் தங்கட்டும். நான் சுகம். தண்ணீர் ஒத்துக்கொண்டது. காலையில் ஜெபம், பிறகு தோட்ட வேலை, பிறகு வகுப்பு. என்னோடு சேர்ந்தவர்களில் நான்தான் மூத்தவள். அதனால் எல்லோரும் என்னை டீச்சர் என்றே கூப்பிடுகிறார்கள். அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடு.

நீ கேட்ட கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். நேராக நிற்கும் ஒரு டப்பாவைத் திறந்த இடத்தில் வை. மழை விட்டதும் ஸ்கேலை உள்ளே விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று பார். பிறகு முற்றத்தின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கு. பின்பக்கம் சரிகிற ஓட்டுக் கூரையையும் அதே மாதிரி அளந்துகொள். ஓட்டில் விழுவது ஏறக்குறைய எல்லாமே இறங்கிவிடும். மண்ணில் விழுவதில் கொஞ்சம் ஊறும். ஆனால் கரிசல் ஒரு தடவை நனைந்து உப்பிவிட்டால் சீக்கிரம் ஊறாது. அதனால் எதையும் கழிக்காதே. முற்றத்தையும் ஓட்டையும் கூட்டினால் அதுதான் மொத்தத் தண்ணீர். வேறு எங்கிருந்தும் வர வழியில்லை.

குழியைத் துவைகல் பக்கம் வெட்டு. வாழைப் பக்கம் வேண்டாம். வாழைக்கு வேர் மேலாக ஓடும். மண்ணைக் கிளறினால் சாய்ந்துவிடும். அது இருக்கிறபடியே இருக்கட்டும்.

மாமாவைத் தொந்தரவு செய்யாதீர்கள். அம்மாவிடம் அவர் பேசியிருக்காவிட்டால் நான் இங்கே வந்திருக்க முடியாது. அன்றைக்கு வேன் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

இங்கே வருகிற, போகிற கடிதங்களை மதர் வாசித்துவிட்டுத்தான் தருவார். குசும்பாக எதையும் எழுதிவைக்காதே.

உங்களுக்காக ஜெபிக்கும்
ஞானபூரணி


ஆமத்தூர்
9.10.2024

அன்பு அக்காவுக்கு,

மடத்தில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள் என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

அளந்துவிட்டேன். மறுபக்கத்து வீட்டு ராக்காயி அத்தையிடம் தையல் டேப் வாங்கி முற்றத்தில் குனிந்து குனிந்து வைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, “என்ன புள்ள, முத்தத்துக்குச் சட்டை தைக்கப்போறியா? தீவாளிக்கா, கிறிஸ்மஸுக்கா?” என்றாள். உள்ளே வந்த பிறகுதான் சிரிப்பு வந்தது.

முற்றம் எட்டு மீட்டர் நீளம், ஏழு மீட்டர் அகலம். ஐம்பத்தாறு. ஓடு ஆறுக்கு மூன்று. பதினெட்டு. சனிக்கிழமை பெய்த மழையில் பால்பவுடர் டப்பாவில் நாற்பது மில்லிமீட்டர் நின்றது. முற்றத்துக்கு இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது லிட்டர், ஓட்டுக்கு எழுநூற்று இருபது. கூட்டினால் மூவாயிரத்துக்கு நாற்பது குறைவு. நான் போட்ட கணக்கு எனக்கே பிடித்திருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். நிற்கிற தண்ணீரையும் அளந்து பார்ப்போமே என்று குச்சியில் கோடு போட்டு அங்கங்கே நட்டுப் பார்த்தேன். சராசரியாகப் பதினொரு சென்டிமீட்டர் வந்தது. நாலு சென்டிமீட்டர் மழை விழுந்த இடத்தில் பதினொரு சென்டிமீட்டர் எப்படி நிற்கும்? ஓட்டுத் தண்ணீரைச் சேர்த்தாலும் ஐந்தரையைத் தாண்டக் கூடாது. லிட்டரில் பார்த்தால் ஆறாயிரத்துக்கு மேல். விழுந்ததைப்போல இரண்டு மடங்கு.

தெருத் தண்ணீரோ என்று மறுநாள் மழையில் நனைந்துகொண்டே வாசலில் போய் நின்றேன். ரோட்டில் ஓடுவது நம் படியைத் தொடவே இல்லை. தெருவோர வாறுகாலில் விழுந்து நேராகப் போகிறது. மாமா சொன்னது சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். “அவென் சோலியா அலையுதவென். எதையோ வாய்க்கு வந்தத சொல்லியிருப்பான்” என்றாள்.

நான் எங்கே தப்பு செய்தேன் என்று எழுது அக்கா.

அன்புடன்
ஸ்வீட்டி


திண்டுக்கல்
28.10.2024

அன்புத் தங்கைக்கு,

அன்னை மரியாள் உங்களைக் காக்கட்டும். பதில் தாமதமாகிவிட்டது. இங்கே தியான நாட்கள். எழுத அனுமதி இல்லை.

நீ அளந்ததில்தான் பிழை. முற்றம் மட்டமான தரை இல்லை. பள்ளமான இடங்களில் குச்சியை நட்டிருப்பாய். காற்றடித்திருந்தால் மழை சாய்வாக விழுந்து டப்பாவுக்குள் குறைவாகத்தான் போயிருக்கும். இந்த மாதிரிக் கணக்கில் இவ்வளவு வித்தியாசம் வருவது சகஜம். கணக்கில் வராததைத் தேடிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது.

மூவாயிரம் என்றே வைத்துக்கொள். அதில் பாதி மண்ணில் தானாக ஊறிவிடும். ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் பிடிக்கிற குழி போதும். நீளம் ஒரு மீட்டர், அகலம் ஒரு மீட்டர், ஆழம் ஒன்றரை. அடியில் செங்கல் உடைசல் போடு. துவைகல் பக்கம்தான், மறந்துவிடாதே.

அம்மாவைக் குனிய விடாதே. ஜெபிக்கிறேன்.

ஞானபூரணி


ஆமத்தூர்
10.11.2024

அன்பு அக்காவுக்கு,

நீ சுகமா? தியானம் முடிந்ததா? எங்களுக்கு இடுப்பைத் தவிர எல்லாம் சுகம்.

குழி வெட்டிவிட்டோம். தீபாவளி முடிந்து கம்பெனிகள் எல்லாம் சாத்திக்கிடக்கின்றன. குழாய் வேலை இல்லை. அதனால் தினமும் காலையில் நான் இறங்கி வெட்டுவேன். அம்மா குனியாமல் நின்றபடியே கூடையை வாங்குவாள். நீ சொன்ன இடம், நீ சொன்ன அளவு. கரிசல் ஈரத்தில் மாவு மாதிரி ஒட்டுகிறது, காய்ந்தால் கல் மாதிரி நிற்கிறது. என் உள்ளங்கையை நீ பார்த்தால் திட்டுவாய்.

மாமா ஒரு நாள் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். “எங்கன தோண்டுதீக? தொவைகல்லுப் பக்கமா? அப்பச் சரி. நல்ல எடம், நல்ல எடம்” என்றார். போனவர் திரும்பி வந்து தன் கடப்பாரையையும் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு நம்மேல் எவ்வளவு அக்கறை என்று அம்மா அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. முதல் கடிதத்தில் எதையும் கழிக்காதே என்றாய். இரண்டாவதில் பாதி ஊறிவிடும் என்றாய். நீ சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும் என்று கேட்காமலே வெட்டிவிட்டேன்.

பாண்டிச்செல்வம் அண்ணன் வந்து குழியை எட்டிப் பார்த்தார். கம்பெனி திறந்ததும் முதல் லோடு நமக்குத்தான் என்றார். இப்போது மழை எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மழைக்காக நான் ஆசைப்பட்டது இதுதான் முதல் தடவை.

உன்
ஸ்வீட்டி


ஆமத்தூர்
27.11.2024

அன்பு அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே நிலைமை சரியில்லை. அம்மாவைப் பற்றிப் பயப்படாமல் வாசி.

போன புதன்கிழமை மழை பிடித்தது. நான் குழி ஓரத்தில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரத்தில் குழி விளிம்புவரை நிரம்பிவிட்டது. பிறகு குழி எது, முற்றம் எது என்று தெரியவில்லை. அன்றுதான் கம்பெனி திறந்து வந்த முதல் லோடு. சுருட்டி வைத்திருந்த குழாயைக் கட்டில்மேல் ஏற்றப் போன அம்மா சேற்றில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு. விருதுநகர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். பொங்கல்வரைக்கும் அந்தக் கையால் ஒன்றும் செய்ய முடியாது. நம் வேலையில் வலது கை இல்லாமல் என்ன செய்வது?

பாண்டிச்செல்வம் அண்ணன் பார்க்க வந்தார். அம்மா முகத்தைப் பார்த்து அவரால் பேச முடியவில்லை. என்னிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார். “புள்ளைக்கு வர்ற ஜனவரியில பதினெட்டு ஆகுதுல்லா? பேக்கிங்ல எடம் இருக்கு. நான் சொன்னா எடுத்துக்கிருவாக.” அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்குப் போகப் பயமாக இருக்கிறது அக்கா. வெடிக்குப் பயமில்லை. அத்தனை பேருக்கு நடுவில் நாள் முழுக்க இருப்பதை நினைத்தால்தான். அதோடு அம்மா சொன்ன சொல்.

குழி சிறியது. நீ கொடுத்த அளவு சிறியது. எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்று உடனே எழுது. நான் மறுபடி வெட்டுகிறேன்.

ஸ்வீட்டி


திண்டுக்கல்
6.12.2024

அன்புத் தங்கைக்கு,

இறைவன் உங்களைத் தாங்குவாராக. அம்மாவுக்காக இங்கே எல்லோரும் ஜெபமாலை சொன்னோம். மதர் கொடுத்த ஆரோக்கிய மாதா படத்தை இதோடு வைத்திருக்கிறேன். அம்மா தலையணைக்குக் கீழே வை.

இது கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக் காலம். நீளமாக எழுத முடியவில்லை. குழியை இனி வெட்ட வேண்டாம். உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

பேக்கிங் பகுதி என்றால் மருந்து அறையிலிருந்து தூரமாகத்தான் இருக்கும். அதில் ஆபத்து குறைவு. அம்மாவிடம் பக்குவமாகப் பேசிப் பார்.

ஞானபூரணி


ஆமத்தூர்
16.12.2024

அக்கா,

அம்மா இருக்கிறாள். படத்தைத் தலையணைக்குக் கீழே வைத்தேன். உன் கடிதத்தில் பேக்கிங் பற்றி எழுதியிருந்ததை அவளுக்கு வாசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மழை. மதியத்துக்கு மேல் விட்டது. ஓட்டிலிருந்து சொட்டுவதுகூட நின்றுபோனது. ஆனால் முற்றத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. நட்டிருந்த குச்சியில் ஒவ்வொரு கோடாக மறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மழை இல்லாமல் தண்ணீர் எங்கிருந்து வரும்? இறங்கி நடந்தேன். வாழையடியில் தண்ணீர் உலை மாதிரி கொப்பளித்துக்கொண்டிருந்தது.

கையை உள்ளே விட்டேன். தண்ணீர் கையைத் தள்ளியது. சல்லியும் ஓட்டுத் துண்டும் போட்டு மூடியிருந்ததை எடுத்துப் போட்டேன். பைப். என் கை முழங்கைவரை உள்ளே போயிற்று. மாமா ஷெட்டோரக் குழியில் தேங்கியது, மழை விட்ட பிறகும், சுவருக்கு அடியில் அதன் வழியாக வந்துகொண்டிருந்தது.

மாமா ஷெட்டு வாசலில்தான் நின்றார்.

“மாமா, இது என்ன பைப்பு?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் கேட்டேன்.

“ஏத்தா, தண்ணிக்குள்ள என்ன செய்த? பூச்சி பொட்டு கெடக்கும், வெளிய வா.”

நான் வரவில்லை. சுவரோரம் வந்தார்.

“ஷெட்டுத் தண்ணி எங்கிட்டாவது போகணும்ல? எம் பக்கம் விட்டா பெட்டி பூராம் நனைஞ்சுபோகும். கம்பெனிக்காரனுக்கு யாரு பதில் சொல்ல?”

“எங்ககிட்டக் கேக்கலையே மாமா.”

“யாரு கேக்கல? ஒங்கக்காகிட்டக் கேட்டுத்தான் போட்டேன். நீங்க அவளக் கொண்டுபோய் விடப் போனீகள்ல, அன்னைக்குத்தான் ஆள் வச்சுத் தோண்டுனேன். அவ ஒங்ககிட்டச் சொல்லியிருப்பான்னுல்ல இருந்தேன்.” பிறகு குரலை இறக்கி, “அம்மாகிட்டச் சொல்லாத. அவளே கை ஒடிஞ்சு கெடக்கா” என்றார்.

அவர் ஷெட்டில் நம் பக்கம் சரிகிற தகரம் இருபது மீட்டர் நீளம், ஐந்து அகலம். நூறு. நாற்பது மில்லிமீட்டருக்கு நாலாயிரம் லிட்டர். நான் போட்ட மூவாயிரத்தோடு சேர்த்துப் பார். மண்ணில் ஊறியதுபோக மிச்சம் ஆறாயிரம்தான் நிற்கும். நான் அளந்தது சரி. டப்பா சாயவில்லை. குச்சியைப் பள்ளத்தில் நடவில்லை.

மாமா பொய் சொல்கிறார் என்று ஒரு வரி எழுது அக்கா. நம்பிவிடுவேன்.

ஸ்வீட்டி


திண்டுக்கல்
5.1.2025

ஸ்வீட்டி,

நீ கேட்ட அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியவில்லை. கிறிஸ்மஸுக்கு முன்பே உன் கடிதம் கையில் கிடைத்துவிட்டது. மதர் வாசித்துவிட்டுத்தான் கொடுத்தார். இதையும் அவர் வாசிப்பார். வாசிக்கட்டும்.

அம்மா சம்மதிக்காமல் மடத்தில் சேர்க்க மாட்டார்கள். ஒரு வருடம் கெஞ்சினேன். உனக்கு நினைவிருக்கும். படிக்கவைத்தது இதற்கா என்று அம்மா சாப்பிடாமல் கிடந்தாள். மாமா ஒரே வாரத்தில் அவளைப் பேசிச் சரிசெய்தார். பேசப் போவதற்கு முன்பு என்னிடம் ஷெட்டுத் தண்ணீரைப் பற்றிக் கேட்டார். இதற்கு அது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு மூத்தவள் நான். சரி என்றேன். மழைத் தண்ணீர்தானே என்று நினைத்தேன். முற்றத்தை நினைக்கவில்லை. உன்னை நினைக்கவில்லை.

தோண்டினால் மண் புதிதாகத் தெரியுமே என்றார். ஒரு வாழையை வையுங்கள், என் ஞாபகமாக என்று சொல்லுங்கள் என்று சொன்னது நான்தான்.

நீ கணக்குக் கேட்டபோது, ஒரு குழியோடு யாருக்கும் தெரியாமல் சரியாகிவிடும் என்று நம்பினேன். பெரிய குழியாக வெட்டச் சொன்னால் ஏன் என்று கேட்பாய். அதனால் சின்னதாகச் சொன்னேன். அம்மா விழுந்தாள் என்று நீ எழுதியதைக் கோயிலில் உட்கார்ந்துதான் வாசித்தேன்.

மே மாதம் எனக்குத் துறவற உடை கொடுக்கிறார்கள். அம்மா வந்து தன் கையால் தர வேண்டும். அம்மாவிடம் மட்டும் சொல்லாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஞானபூரணி


ஆமத்தூர்
26.1.2025

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

இதை முதலில் வாசிக்கும் மதருக்கு என் வணக்கம். அம்மாவுக்கு மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். விரல்கள் இன்னும் முழுசாக மடங்கவில்லை. நீங்கள் சுகம் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே பைப்பை அடைத்துவிட்டேன். கிறிஸ்மஸுக்கு மறுநாள், சாக்கைத் திணித்து, செங்கல் வைத்து, சிமெண்ட் பூசினேன். வாழையை வெட்டவில்லை. ஜனவரியில் விழுந்த ஒரே மழையில் மாமா ஷெட்டுக்குள் தண்ணீர் நின்றது. சுவரோரம் வந்து கத்தினார். அம்மா என்ன என்று கேட்டாள். பைப் மாமாவுடையது என்று மட்டும் சொன்னேன்.

அம்மா கட்டுப் போட்ட கையோடு சுவர்வரைக்கும் நடந்து போனாள். “ஏலே இன்பராசு, கூடப் பொறந்தவந்தானலே நீ?” என்று கேட்டாள். மாமா என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் உங்கள் பெயரைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். அதிலிருந்து அம்மா அவரோடு பேசுவதில்லை. அவர் மறுநாளே ஆள் வைத்துத் தகரத்துக்குக் கீழே வாய்க்கால் மாட்டித் தண்ணீரைத் தெரு வாறுகாலில் விட்டுவிட்டார். ஒரு பகல் வேலை.

முற்றம் காய்ந்து வெடிப்பு விட்டுக் கிடக்கிறது. காயப்போட எங்களிடம் ஒன்றும் இல்லை. லோடு ராக்காயி அத்தை வீட்டுக்குப் போய்விட்டது. போன திங்கட்கிழமையிலிருந்து நான் கம்பெனி வேனில் போகிறேன். பதினெட்டு முடிந்துவிட்டது. பேக்கிங்தான், நீங்கள் எழுதியபடி. நான் வேன் ஏறும்போது அம்மா வாசலுக்கு வரவில்லை.

நீங்கள் பி.எட். சேர்ந்த வருடம்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். எனக்குப் படிப்பு வரவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னோம். நானும் அதை நம்பிக்கொண்டேன். இந்த மழைக் கணக்கைப் போட்ட பிறகு அப்படித் தோன்றவில்லை.

பைப் அடைத்ததிலிருந்து வாழை வாடுகிறது. கீழ் இலைகள் பழுத்துவிட்டன. “பூரணிக்கு என்னமோ சொகமில்ல, எலையப் பாரு” என்று சொல்லி அம்மா இடது கையால் செம்பு செம்பாக மொண்டு ஊற்றுகிறாள். நான் ஊற்றுவதில்லை.

உங்கள் கடிதத்தை வாசிக்கச் சொன்னாள். தாளைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லையும் வாசிக்கவில்லை. மடத்தில் பெரிய கிறிஸ்மஸ் குடில் வைத்தீர்கள், நடுச்சாமப் பூசையில் பாடினீர்கள், அம்மா கையை நினைத்து அழுதீர்கள் என்று நானாகச் சொன்னேன். குரல் எங்கேயும் தடுமாறவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தடவ வாசி” என்றாள். அதே சொற்களை அதே வரிசையில் நினைத்து நினைத்து மறுபடி சொன்னேன்.

இனி அப்படிச் செய்ய மாட்டேன். அடுத்து வரும் கடிதத்தை, வந்தபடியே, ஓர் எழுத்தையும் மாற்றாமல் அம்மாவுக்கு வாசிப்பேன். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

இப்படிக்கு
ஸ்வீட்டி